கம்ப்யூட்டர் கேட்ட கேள்வி

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் தேயிலைக் கொழுந்துச் சாக்கில்தான் வந்தது. கொழும்பில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்த மாமா, அங்கே தூக்கிப் போட இருந்ததைக் கேட்டு வாங்கி, ரயிலில் வட்டகொடை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார். ஸ்டேஷனிலிருந்து, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அப்பா அதைச் சாக்கில் சுற்றித் தலையில் சுமந்து வந்தார். ஞாயிற்றுக்கிழமையிலும் கொழுந்தா என்று வழியில் பார்த்தவர்கள் கேலி செய்தார்களாம்.

வந்த பொருள் லேசுப்பட்டதல்ல. பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்த பிறகுதான் அது கண் விழிக்கும். அதிலிருந்த பழைய விண்டோஸில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அதில் ஒரு கார் விளையாட்டு இருந்தது, எனக்கு அது போதும்.

அக்காவுக்குப் போதவில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த அவளை, கொழும்புப் பக்கம் துணி தைக்கும் கார்மண்ட் வேலைக்கு அனுப்புவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவளோடு படித்த பெண்கள் முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே போய்விட்டார்கள். அக்காவுக்குப் போக மனமில்லை. தலவாக்கலையில் போன், போட்டோகாப்பி, டைப்பிங் என்று கம்யூனிகேஷன் கடை வைத்திருந்த முதலாளி, தமிழ் டைப் அடிக்கத் தெரிந்தால் அடுத்த வாரம் வந்து அடித்துக் காட்டு, வேலை தருகிறேன் என்று சொல்லியிருந்தார். அடித்துப் பழக வேண்டுமென்றால் வீட்டுக் கம்ப்யூட்டரில் தமிழ் வர வேண்டும். அக்கா படித்த கணினி வகுப்பு சார், விண்டோஸுக்குப் பதிலாகப் போட, தமிழ் வரும் லினக்ஸ் சீடி ஒன்றைக் கொடுத்து, திங்கட்கிழமை காலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாளில்லை. காலையிலேயே அக்கா குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். என்ன செய்யப் போகிறாய் என்று அப்பா கேட்டார். அப்பா கவ்வாத்து வேலைக்காரர், கிழட்டுத் தேயிலைச் செடியை வெட்டிவிட்டுப் புதுத் துளிர் விட வைப்பவர்.

“கவ்வாத்துதாம்ப்பா. பழசையெல்லாம் வெட்டிட்டுப் புதுசா வர விடப் போறேன்” என்றாள்.

அவருக்கு அது நன்றாக விளங்கியது. என் கார் விளையாட்டும் வெட்டில் போகும் என்பது எனக்கும் விளங்கியது. அழுது பார்த்தேன், எடுபடவில்லை.

சீடி சுற்ற ஆரம்பித்தது. எந்த மொழி என்று முதலில் கேட்டது. அக்கா தமிழைத் தொட்டதும் திரை முழுக்கத் தமிழாகிவிட்டது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியையும் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார். கொஞ்ச நேரத்தில் ஓர் உலகப்படம் வந்தது. அதன் மேலே, ‘நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?’ என்று எழுதியிருந்தது.

அப்பா திரையைப் பார்த்து மரியாதையாக, “வட்டகொடைங்க, கீழ் டிவிசன்” என்றார்.

நானும் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்துக்கொண்டே அக்கா அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். பெயர் கேட்டது, கொடுத்தாள். பழையதெல்லாம் அழிந்து, புதியது பாதிக்கு மேல் ஏறியும்விட்டது. அப்போதுதான் அப்பா கேட்டார், அந்தப் படத்தில் புள்ளி எங்கே நின்றது என்று.

“இந்தியாவுலப்பா. தமிழ்னு சொன்னதும் அதுவே இந்தியான்னு போட்டுக்கிச்சு. ரெண்டு நாட்டுக்கும் நேரம் ஒண்ணுதான், அதனால விட்டுட்டேன்.”

“நம்மகிட்டதான கேட்டுச்சு? நாம சொல்லாம அது எப்படிப் போடும்?”

“பொறகு மாத்திக்கலாம்ப்பா.”

“பொறகு வேணாம். இப்பவே மாத்து.”

அக்கா பின்னால் போகப் பார்த்தாள். அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தது, அழுத்தினால் அசையவில்லை. அப்படியென்றால் முதலிலிருந்து ஆரம்பி என்றார் அப்பா.

வெளியே கிரேட் வெஸ்டர்ன் மலை மேகத்தில் மறைந்துகொண்டிருந்தது. மழை வந்தால் எங்கள் பக்கம் கரண்ட் போய்விடும். பாதியில் நிறுத்தினால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை, சீடியும் காலையில் போய்விடும். அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள்.

“புள்ள பொழப்பே போகப் போவுது. ஒங்களுக்கு ஊர் பேரா முக்கியம்?”

“முக்கியந்தான்” என்றார் அப்பா. சத்தம் போடவில்லை. ஆனால் ஒற்றைக்காலில் நின்றார்.

அக்கா வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. பிறகு கையை நீட்டி, பொத்தானை அழுத்திக் கம்ப்யூட்டரையே நிறுத்தினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவேயில்லை. அக்கா கார்மண்டுக்குப் போய்விட்டால் எனக்குத் தலைவாரிவிட யார் இருக்கிறார்கள்?

இரண்டாம் முறை அந்தப் படம் வந்ததும் அக்கா எழுந்து நாற்காலியை அப்பாவுக்குக் கொடுத்தாள். கத்தி பிடித்துக் காய்த்த கைக்கு மவுஸ் அடங்கவில்லை. புள்ளி கடலில் விழுந்தது, ஆப்பிரிக்காவுக்குப் போனது, மறுபடியும் இந்தியாவிலேயே போய் நின்றது. உலகப்படத்தில் நம் நாடு ஒரு கொழுந்து இலை அளவுகூட இல்லை. அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. அக்கா உதவிக்கு நீட்டிய கையைத் தள்ளிவிட்டார். ஒருவழியாகக் ‘கொழும்பு’ என்று வந்தது.

“நம்ம ஊர் பேரு வராதா?”

“வராதுப்பா. இவ்வளவுதான்.”

“சரி. போ.”

அதே நேரம் மழை பிடித்தது. எங்கள் லயத்தில் பல வீடுகளுக்கு ஒரே கம்பி. மழைக் குளிருக்கு நாலு வீட்டில் தண்ணீர் சுடவைக்கக் கரண்ட் கேத்தல் போட்டால் போதும், பிரேக்கர் விழுந்துவிடும். இன்றைக்குக் கேத்தல் போட வேண்டாம் என்று காலையில் அம்மா போய்ச் சொன்னபோதே பலர் முணுமுணுத்தார்கள். இப்போது அப்பா என்னை விரட்டினார். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஓடினேன். கோபத்தில் உள்ளதை உள்ளபடியே கத்தினேன்.

“கேத்தல் போடாதீங்க! கம்ப்யூட்டர் எங்கள இந்தியான்னு போட்டுருச்சாம். இலங்கைன்னு மாத்தணுமாம். எங்கப்பா மறுபடியும் மொதல்லேருந்து போடச் சொல்லிட்டாரு!”

எல்லோரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி வீட்டுப் பெரியவர் சூடேறிக்கொண்டிருந்த கேத்தலின் வயரைப் பிடுங்கிப் போட்டார். பக்கத்து வீட்டு அத்தை விளக்கையும் அணைத்துவிட்டு, “போட்டு முடிச்சதும் வந்து சொல்லு” என்றாள். அந்தக் குளிரில், தேநீர் இல்லாமல், லயம் முழுக்க இருட்டில் உட்கார்ந்திருந்தது.

கம்ப்யூட்டரில் எல்லாம் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஏறி முடிந்தது. அக்கா அந்த வாரம் முழுக்கச் சோறு தண்ணியை மறந்து அடித்துப் பழகினாள். கடையில் வேலையும் கிடைத்தது. கார்மண்ட் வேன் அவளை ஏற்றாமல் போனது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போதும் சொல்லித் தீராது.

ஆனாலும் அப்பாவுக்கு மண்டை கழன்றுவிட்டது என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். அவர் இதே தோட்டத்தில்தான் பிறந்தவர். இருந்தும் நான் பிறந்த பிறகுதான் அவர் ஒரு நாட்டின் குடிமகனானார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பெரியப்பாவை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள், அவர் தம்பியான அப்பாவை இங்கே விட்டுவைத்தார்கள். யார் எந்த நாடு என்பதை இரண்டு அரசாங்கங்கள் தங்களுக்குள் பேசி முடித்தன. நீ எங்கே இருக்கிறாய் என்று அப்பாவிடம் யாரும் கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்டது அந்தக் கம்ப்யூட்டர்தான். அதுவும் அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் இந்தியா என்று தானே போட்டுக்கொண்டது.

இதெல்லாம் அந்த லயத்தில் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அப்பாவின் கோபத்துக்குப் பயந்துதான் கேத்தலை நிறுத்தினார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.