பாலாடை பிளந்த நாள்

எங்கள் வீட்டில் எருமைப்பால் காய்ச்சி இறக்கினால், மேலே படியும் ஆடையில் பாதி எனக்கு, பாதி சித்தியின் மகளுக்கு. அவளுடைய பாதிதான் எப்போதும் பெரிது என்று எனக்குத் தோன்றும். சண்டை முடிந்து மீள்குடியேறி ஸ்கந்தபுரம் வந்த பிறகு இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கூரை, ஒரே குசினி. அவளுக்கும் எனக்கும் ஒரே வகுப்பு, ஒரே பாய். வயதில் என்னைவிடச் சில மாதம் இளையவள்; தலைமயிர், குரல், கணக்கு எல்லாவற்றிலும் மூத்தவள்.

ஒரு காலத்தில் ஒன்றாகக் கிடந்த பெருநிலம் எப்படித் துண்டுபட்டுக் கண்டங்கள் ஆனது என்று பள்ளிக்கூடக் கண்காட்சியில் காட்டும் வேலை எங்கள் வகுப்புக்கு வந்தது. நிலத்துக்கு அடியில் வெக்கை வெளியேற வழியில்லாமல் சேர்ந்து, நிலத்தை உப்பவைத்து, கிழித்து, விலக்கியது என்று ஆசிரியை சொன்னார். எனக்கு உடனே குசினிதான் நினைவுக்கு வந்தது. ஆடை படிந்த பாலை மறுபடி சூடாக்கினால் அதுதானே நடக்கிறது! அந்த யோசனை என்னுடையது. நிலம் மாதிரித் தெரிய மேலே மண்நிறக் குரக்கன் மா தூவலாம் என்றதும் நான்தான். ஆசிரியை என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. பிறகு சொன்னார்:

“நல்ல யோசனை. நீ அடுப்பைப் பார். தங்கச்சி விளங்கப்படுத்தட்டும், அவளுக்குத்தான் நல்ல குரல்.”

அவள் பாடமாக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருந்து நானும் பாடமாக்கினேன், எங்கேயாவது அவள் தடக்குப்பட வேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டே.

கண்காட்சி அன்று நான் மூன்று கல் அடுப்பின் முன்னால் புகைக்குள் குந்தியிருந்தேன். அவள் இரட்டைப் பின்னலோடு நிமிர்ந்து நின்று பேசினாள். ஆடை உப்பியது, கிழிந்தது. மா பூசிய துண்டுகள் விலக, நடுவில் பால் கடலாய்த் தெரிந்தது. எல்லோரும் அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். கல்விப் பணிமனையில் இருந்து வந்திருந்த ஐயா அவளிடம் குனிந்து கேட்டார்:

“சரி பிள்ளை, பிரிஞ்ச துண்டுகள் திரும்ப ஒண்டு சேருமோ?”

ஆசிரியை சொல்லித் தந்ததில் கடைசி வரியே அதற்கான பதில்தான். அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. பிள்ளையார் இவ்வளவு கெதியாகக் காது கொடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. புகைக்குள் இருந்து துள்ளி எழும்பினேன்.

“ஓம் சேர், சேரும்! முந்தியும் சேர்ந்து சேர்ந்து பிரிஞ்சதுதான். ஆனா கோடிக்கணக்கான வருசம் செல்லும்!”

ஐயா சிரித்தபடி தன் சட்டைப் பையில் இருந்த பேனையை எடுத்து எனக்குத் தந்தார். வீட்டுக்குப் போகும் வழியில் சைக்கிளின் பின்னால் இருந்தவள், வழக்கம்போல் என்னைப் பிடிக்காமல் கரியரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“கோவமோ?” என்றேன்.

“இல்லையக்கா. வடிவாச் சொன்னீங்கள்.”

எனக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த கிழமை சித்தியின் சாமான்கள் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஏறின. குடியேற்றத் திட்டக் காணியைப் பிரிக்க முடியாது, ஒருவர் பெயருக்குத்தான் போகும். நாங்கள் எல்லோரும் இருந்த அம்மப்பாவின் காணி அம்மாவுக்குப் போயிருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் பல மாதமாக முகம் கொடுத்துக் கதைத்ததில்லை. நெடுங்கேணியில் சித்தப்பாவின் ஆட்களிடம் போவதென்று முடிவாகி, கண்காட்சிக்கு முதல்நாளே சித்தி அதை மகளிடம் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு கேட்டறிந்தவை. அன்றைக்குப் பெரியவர்கள் யாரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

லான்ட்மாஸ்டர் வெளிக்கிட்டபோது, அந்தப் பேனையைச் சட்டையில் குத்திக்கொண்டு வாசல் படலையில் நின்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு போனாள். அந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியாமல் போய்விட்டது என்றுதான் அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.