வாலக்காவின் மஞ்சள் கோட்டு

மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களைக் கூட்டமாகக் கூட்டிக்கொண்டு போய் மலையும் ஏரியும் காட்டுவது அந்தக் குடும்பத்தின் தொழில். வீட்டுக்காரர் எல்லோருக்கும் முன்னால் போவார். அதனால் அவர் தலை. மனைவி எல்லோருக்கும் கடைசியில் வருவார். அவருக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் யாரோ கிண்டலுக்குச் சொன்னது, பால் ஊற்றுகிறவர் வரை பரவி, இப்போது வாசலில் வந்து நிற்கிற கூரியர்காரரும் "வாலக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார். அக்காவுக்கு அதில் வருத்தம் கிடையாது. "பின்னால நிக்கறவங்களுக்குத்தான் எல்லார் முதுகும் தெரியும்" என்பார்.

அவர்கள் வீட்டுச் சமையலறைக்குள் போனால் குக்கர் மூடியின் மேல் ஒரு ஜோடி தோல் கையுறை காயும். துணிக்கொடியில் தலையணை உறைகளுக்கு நடுவே ஹெல்மெட்டின் உள்பஞ்சுகள் வரிசையாகத் தொங்கும். மிக்சிக்குப் பக்கத்தில் செயின் எண்ணெய் டப்பா. ஒரு முறை அதைத் தேங்காய் எண்ணெய் என்று நினைத்து மகள் தலையில் தடவிக்கொண்டாள். மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்த மகள்தான் இப்போது முன்பதிவெல்லாம் பார்க்கிறாள், சாமான் வேனும் ஓட்டுகிறாள்.

அவர்கள் வேலை செய்கிற முறை எளிது. பாதை பிரிகிற இடம் வந்தால், தலைக்கு அடுத்தபடியாக வருகிறவர் அங்கேயே ஓரமாக நின்று, போகவேண்டிய பக்கம் கையை நீட்டிக் காட்ட வேண்டும். அவருக்குப் பெயர் கம்பம். மற்றவர்கள் கம்பத்தைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். கடைசியில் அக்காவின் மஞ்சள் கோட்டு வரும். அதைப் பார்த்தால் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று பொருள். கம்பம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். வேறு யாரும் மஞ்சள் போடக் கூடாது. முதல் நாள் காலையில் அக்கா அதட்டிச் சொல்லுவார்:

"மழை கொட்டட்டும், மாடு முட்டட்டும், கம்பம் நகரக் கூடாது. மஞ்சளைப் பார்த்தா மட்டும்தான் நகரணும். ஒருவேளை வழி தப்பிட்டீங்கன்னா, தப்பின இடத்துலயே நில்லுங்க. நான் வருவேன்."

"தலை இருக்க வால் ஆடலாமா?" என்று வீட்டுக்காரர் மீசையைத் தடவுவார்.

"நீங்க பாட்டுக்குப் போங்க. திரும்பிப் பாத்தாத்தானே யாரு ஆடறாங்கன்னு தெரியும்?"

அது உண்மை. அவர் வண்டியின் இரண்டு கண்ணாடிகளும் அவர் மீசைக்கு நேராகத்தான் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். இத்தனை வருடம் ஒரே பாதையில் போய்வந்த புருஷனும் பெண்டாட்டியும் சாலையில் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. சாப்பாட்டு மேஜையில்தான் சந்திப்பு.

போன வருடம் அக்காவுக்கு முட்டி வலி வந்தது. மகள் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அடுத்த சீசன்ல இருந்து நீ வேன்ல வா. கடைசியில வர்றதுக்கு வேற ஆள் பாத்துக்கலாம்."

"வேன்ல உக்காந்து நான் என்ன பண்றது? பெட்டி படுக்கையோட பெட்டி படுக்கையா வரவா?"

"இந்த டூர் மட்டும் பாப்போம். முட்டியால ஏதாவது ஒண்ணு நடந்தது, அப்புறம் பேச்சே கிடையாது."

அக்கா சரி என்றுவிட்டார். அந்தப் பயணம் முழுக்க, வலித்தபோதெல்லாம் சீட்டி அடித்துச் சமாளித்தார்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் மலையிறக்கத்தில் மழை பிடித்தது. மற்றவர்கள் முன்னால் போய்விட, பின்தங்கிய மூன்று பேர் ஒரு பஸ் நிழற்குடையில் ஒதுங்கினார்கள்: அக்கா, வழியெல்லாம் நின்று நின்று போட்டோ எடுக்கிற பல் டாக்டர், பிறகு ஒரு நூலகர் அம்மாள். நூலகரின் மழைக்கோட்டு ஜிப் அறுந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அவருக்குப் பற்கள் தடதடவென்று அடித்தன.

"டாக்டர் பக்கத்துலதான் இருக்கார், பல்லு விழுந்தா கட்டிடுவார்" என்று சொல்லிக்கொண்டே அக்கா தன் கோட்டைக் கழற்றி அந்த அம்மாளுக்கு மாட்டிவிட்டார். "உங்களுக்கு?" என்று கேட்டதற்கு, "எனக்கு ஸ்வெட்டர் இருக்கு, கிளம்புங்க" என்று முதுகில் தட்டி அனுப்பினார். எதைக் கழற்றிக் கொடுத்தோம் என்று அந்த நிமிடம் அவருக்கு உறைக்கவே இல்லை. குளிரில் நடுங்குகிற ஒருத்தரைப் பார்த்தால் அவருக்கு வேறெதுவும் தெரியாது.

நூலகர் போனார். டாக்டரும் போனார். அக்கா காலைத் தூக்கி வண்டியில் போடப் பார்த்தார், முட்டி மடங்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் உட்கார்ந்து நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

பாதை பிரியும் இடத்துக்கு வந்தால் கம்பத்தைக் காணோம்.

"எந்த மடையன் நகர்ந்தது?" என்று வாய்விட்டே திட்டினார். திட்டிக்கொண்டே தன் கையைப் பார்த்தார். நனைந்த கறுப்பு ஸ்வெட்டர். மஞ்சள் இல்லை. மடையன் யார் என்று தெரிந்துவிட்டது.

நூலகர் கம்பம் கை காட்டிய பக்கமே போயிருப்பார். ஆனால் டாக்டர்? வலப்பக்கம் விடுதிக்கு இறங்குகிற சாலை. இடப்பக்கம் போனால் பழைய கல் குவாரி; மழையில் விளிம்பு சரிகிற இடம். ஈரத் தாரில் தடம் ஒன்றும் தெரியவில்லை. வலப்பக்கம் போயிருந்தால் அவர் பத்திரமாகச் சேர்ந்துவிடுவார். அதனால் அக்கா இடப்பக்கம் திருப்பினார். சீட்டி வரவில்லை.

இரண்டு வளைவு தாண்டி, தார் முடிந்து மண் தொடங்குகிற இடத்தில் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். வண்டியை ஓரம் கட்டி, மழையில் சொட்டச் சொட்ட, ஒரு கையை நேராக நீட்டியபடி.

"யாருக்குய்யா கை காட்டிட்டு நிக்கறீங்க?"

"தெரியலைங்க" என்றார் டாக்டர். கையை இன்னும் இறக்கவில்லை. "வழி தப்பினா அங்கயே நில்லுங்க, நான் வருவேன்னு சொன்னீங்க. சும்மா நிக்கறதுக்கு ஒரு மாதிரி இருந்தது. அதான் கம்பமா நின்னேன்."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, கடைசியில் தும்மலாக வெளியே போனது.

"உங்க மேல தப்பு வர வேணாம், நானே வழி மாறிட்டேன்னு சொல்லிடறேன்" என்றார் டாக்டர். "போட்டோ எடுக்கப் போனேன்னு சொன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

அக்கா ஒரு கணம் யோசிக்கத்தான் செய்தார். "வேணாம் டாக்டர். சொத்தைப் பல்லுக்கு மேல சாயம் அடிச்ச மாதிரி ஆயிடும்."

இதற்குள் விடுதியில், மஞ்சள் கோட்டு வாசலில் நுழைந்ததைப் பார்த்ததும் தலை, "எல்லாரும் வந்தாச்சு, சூப் ஊத்துங்க" என்று குரல் கொடுத்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினால் உள்ளே நூலகர் முகம். "நான் வந்ததும் எல்லா இடத்துலயும் கிளம்பினாங்க. எனக்காகவே காத்திருந்தாங்களேன்னு சந்தோஷப்பட்டேன்" என்றார் அந்த அம்மாள் பாவமாக. தலை சூப் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வண்டிக்கு ஓடினாராம்.

பாதை பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே அவரும் அக்காவும் எதிரெதிராக வந்து நின்றார்கள். சாலையில் அவர் முகத்தை அக்கா பார்ப்பது அதுதான் முதல் தடவை. மீசை நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. கோட்டுப் பையில் கரண்டி.

"என்னங்க, தலைகீழா வர்றீங்க?"

அவர் டாக்டரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தன் கோட்டைக் கழற்றினார். "போட்டுக்கோ முதல்ல."

விடுதியில் அக்கா எதையும் மறைக்கவில்லை. கோட்டு, முட்டி இரண்டையும் சொன்னார். மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அதான் சொன்னேன். வேன்."

"அவ வேன்ல ஏறினா நானும் ஏறிக்கறேன்" என்றார் தலை. "பின்னாடி அவ இருக்கான்னுதான் நான் திரும்பிப் பாக்காம போறேன். இல்லன்னா எனக்குக் கழுத்து சுளுக்கிடும். முட்டி வலிச்சா வலிக்குதுன்னு சொல்லட்டும், எல்லாரும் நிக்கலாம். மலை எங்கயாவது ஓடிடுமா?"

"அப்பா, கண்ணாடின்னு ஒண்ணு இருக்கு."

"அதுல மீசைதான் தெரியுது."

மகள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. பிறகு கொடியில் சொட்டிக்கொண்டிருந்த மஞ்சள் கோட்டையும், போர்வைக்குள் சூப் குடிக்கிற நூலகரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கூட ரெண்டு கோட்டு நான் வேன்ல வச்சிருக்கணும்" என்றாள். "அது என் வேலை."

அடுத்த சீசனிலும் அக்காதான் கடைசியில் வந்தார். முட்டி வலித்தால் இப்போது நீளமாக ஹாரன் அடிக்கிறார். அடுத்தடுத்த வண்டிகளும் அடிக்க, சத்தம் தலை வரைக்கும் போய்ச் சேர்கிறது. பயணத்தில் ஒரு நாள் வேனில் வரவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு மஞ்சள் கோட்டை மகள் போட்டுக்கொண்டு அக்காவின் வண்டியை ஓட்டுகிறாள். வேனை ஓட்டுவது அக்கா.

நடுங்குகிறவர்களுக்கு அக்கா இப்போதும் கையுறையையும் ஸ்வெட்டரையும் கழற்றிக் கொடுக்கத்தான் செய்கிறார். முன்பதிவுக்குப் போன் செய்கிறவர்களிடம் மகள் கடைசியாக ஒன்றைச் சொல்லத் தவறுவதில்லை:

"கோட்டு கொண்டு வந்துடுங்க. மறந்தா வேன்ல இருக்கு. எங்கம்மா கழட்டிக் குடுத்தா மட்டும் வாங்கிடாதீங்க."