வெளிர்நீலம் முதல் கருநீலம் வரை

தன் கடை டீ-சர்ட்டுகளைப் பார்த்து அவிநாசி வரைக்கும் வண்டிகள் நின்றுவிட்டன என்பாள் ஜெய்புன்னிசா. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன் என்று அவளே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வாள். ஆனால் தெரு நின்றது நிஜம்.

அந்த டீ-சர்ட்டுகளுக்குப் புதிதாகச் சாயமே போடவில்லை. பனியன் கம்பெனிகளில் வெட்டி ஒதுக்கிய நீலத் துண்டுகளை மட்டும் பொறுக்கி, பஞ்சாக்கி, மறுபடி நூலாக்கிப் பின்னிய துணி. சாயக்கூலி மிச்சம், லாபம் கூடும். அதையும்விட, சாயக்கழிவு இறங்கித் தாய்வீட்டுக் கிணற்றில் சிவப்பாய்த் தண்ணீர் ஊறியதைச் சிறுமியாய்ப் பார்த்தவள் அவள். தன் சரக்கால் ஒரு வாளித் தண்ணீரும் நிறம் மாறக் கூடாது என்பது அவள் பிடிவாதம்.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு மூட்டைத் துண்டும் ஒவ்வொரு நீலம். எடுத்துப் பார்த்தவர்களெல்லாம் அதே நிறத்தில் இன்னொன்று கேட்டார்கள். இல்லையென்றதும் வைத்துவிட்டு நடந்தார்கள்.

பொறுத்துப் பார்த்த கணவர் நஜீமுதீன், மொத்தத்தையும் கறுப்புச் சாயத்தில் முக்கிவிடலாம் என்று சாயப்பட்டறைக்குப் போன் போட்டுவிட்டார். சாயங்காலம் டெம்போ வரும். அதற்குள் விற்றால் உன் இஷ்டம் என்றார்.

மத்தியானம் தாண்டி ரோஸ்மேரி வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், கம்பெனியில் தைப்பவள். கூடத் தைக்கிற பெண்களெல்லாம் வேளாங்கண்ணிக்குப் புறப்படுகிறார்கள். கூட்டத்தில் யாரும் தொலைந்துபோகாமலிருக்க ஒரே நிறத்தில் டீ-சர்ட் வேண்டுமாம். தோழிகள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

“யக்கா, கலரு முன்னப்பின்ன இருந்தா எங்களுக்குள்ள சண்டை வந்துரும்.”

ஜெய்புன்னிசா கடைக்குள் திரும்பினாள். மேசைமேல், கறுப்பைத் தேர்ந்தெடுக்க நஜீமுதீன் விரித்துவைத்திருந்த ஷேடு கார்டு. வெளுப்பிலிருந்து அடர்த்திக்குப் படிப்படியாய் இறங்கும் துணித் துணுக்குகள். அலமாரியிலிருந்து டீ-சர்ட்டுகளை அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“வாங்க கண்ணு, தெருவுல வரிசையா நில்லுங்க.”

சுடிதார்மேலேயே டீ-சர்ட்டுகளை மாட்டிவிட்டாள். இந்தக் கோடியில் வெளிர்நீலம், அந்தக் கோடியில் கருநீலம். இடித்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் பெண்கள் நிற்க, தெருவே ஷேடு கார்டாகிவிட்டது. டீக்கடைக்காரர் டம்ளரோடு வெளியே வந்தார். செல்போன்கள் உயர்ந்தன.

ரோஸ்மேரி வரிசையை ஒருமுறை நடந்து பார்த்தாள். நடுவிலிருந்து ஒருத்தியை வெளியே இழுத்தாள். நிறம் சட்டென்று தாவியது.

“ஏட்டி, ஒருத்தி காணாமப் போனாலும் தெரிஞ்சிருதுல்லா. ஒரே கலர்னா தெரியுமா?” என்றவள், போட்டிருந்த எல்லாவற்றையும் கட்டச் சொன்னாள்.

வேடிக்கை பார்த்தவர்கள் விடவில்லை. அப்பாவுக்கு அடர்த்தி, குழந்தைக்கு வெளுப்பு என்று குடும்பம் குடும்பமாய்க் கேட்டு மிச்சத்தையும் அள்ளினார்கள். டெம்போ வந்தபோது அலமாரி காலி.

இப்போதும் அவள் அவிநாசி வரைக்கும் வண்டிகளை நிறுத்தும்போதெல்லாம், கல்லாவிலிருந்து நஜீமுதீன் வாடிக்கையாளரிடம் திருத்திச் சொல்வார்.

“வண்டி நின்னது டீ-சர்ட்டப் பாத்து இல்லீங்க. சாயப்பட்டறை டெம்போ திரும்ப முடியாம குறுக்கால மாட்டிக்கிச்சு. ஆனா ஒண்ணுங்க, போறப்ப அது காலியாத்தான் போச்சு.”