வெளிச்சம் பிடித்த கை

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு வெல்டிங் பட்டறை. அதன் பின்னால் இரண்டு மாடி வீடு. மூன்று பள்ளிக்கூடங்களுக்கு கேட். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலைக்கு நூறடி நீளத்துக்கு இரும்புக் கூரை. ஜன்னல் கிரில் எத்தனை என்று எண்ணி முடியாது. படித்தது நாலாவது வகுப்பு. கொள்ளேகால் பக்கம் ஒரு தமிழ் ஊரிலிருந்து பஸ் ஏறியபோது கன்னடத்தில் ஒரு வார்த்தை பேச வராது. வெல்டிங் கண்ணாடி வாங்க வழியில்லாமல் கண் வீங்கிப் படுத்த நாட்கள் உண்டு. யார் உதவியும் இல்லாமல் இத்தனையும் கட்டினேன். நான் வைத்த வெல்டிங் விட்டுப்போச்சு என்று இன்றுவரை யாரும் திரும்பி வந்ததில்லை.

இப்படிப்பட்டவனுக்கு ஆஸ்பத்திரித் தம்பி ஒருவன் மேல் பொறாமை. தொண்ணூறுகளில் பிடித்தது, இன்னும் விடவில்லை.

என் பட்டறை வாசலில் கிடந்த இரும்புச் சீவல் ஒன்று என் மனைவியின் காலில் ஏறியது. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் நடந்தாள். பிறகு நடுக்கத்தோடு காய்ச்சல், பேச்சுக் குழறல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பெரிய டாக்டர் செப்சிஸ் என்றார். காலில் பிடித்த சீழ் ரத்தத்தில் பரவிவிட்டது, அதை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பு சொந்த நுரையீரலையே வீங்க வைத்துக்கொண்டிருக்கிறது என்று விளக்கினார். மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, ஓடி வந்தவள்போல மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் புண் ஆற்றுவதற்கென்று ஒரு லேசர் மெஷின் இருந்தது. லேசர் என்றதும் இரும்பு அறுக்கிற சமாச்சாரமாக்கும் என்று நினைத்தேன். பார்த்தால் ரேடியோப் பெட்டி அளவு ஒரு டப்பா, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் பேனா மாதிரி ஒரு குழல். குழலின் நுனியில் கொசுவத்தி கங்கு அளவுக்குச் சிவப்பாக ஒரு வெளிச்சம். உள்ளங்கையில் காட்டிப் பார்த்தேன், சூடுகூட இல்லை. வாழ்நாளெல்லாம் இரும்பை உருக்கியவனுக்கு அதைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது.

கால் புண்ணுக்கு அதைக் கொடுத்துக்கொண்டிருந்த பெரிய டாக்டர், நெஞ்சுக்கும் கொடுத்துப் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டார். மருந்தும் ஆக்சிஜனும்தான் வைத்தியம், அது பாட்டுக்கு நடக்கும். இந்த வெளிச்சம் வீக்கத்தைக் குறைக்கலாம் என்று படித்திருக்கிறேன், குறைக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. கையெழுத்துப் போட்டேன்.

வெளிச்சம் கொடுக்க வந்தவன்தான் அந்தத் தம்பி. பிசியோதெரபி படித்தவன், எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பையன், வெள்ளைச் சட்டை, நல்ல சிரிப்பு. "அம்மா, தினமும் நான் வந்து லைட் வைப்பேன், நீங்க அசையாம படுங்க" என்று அவள் காதருகே குனிந்து சொன்னான். நெஞ்சிலும் விலாவிலும் முதுகிலும் பேனாவால் வட்டம் போட்டு, ஒவ்வொரு வட்டத்திலும் குழலை நேராக ஊன்றிப் பிடிக்க வேண்டும். மொத்தம் அரை மணி நேரம். குழல் சாய்ந்தால் வெளிச்சம் வேறெங்கோ போய்விடும்.

இரண்டாம் நாளே அவன் கை நடுங்கிற்று. குழல் வட்டத்தை விட்டு வழுக்கிக்கொண்டு போவதைக் கதவோரம் நின்று பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. அவனை வெளியே கூப்பிட்டு, முழங்கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றிக்கொள், மணிக்கட்டு தானாக நிற்கும் என்று பிடித்துக் காட்டினேன். கீழே அவனுக்காகப் பத்துப் பேர் காத்திருந்தார்கள். என் கையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்களே பிடிக்கிறீங்களா?" என்றான்.

பெரிய டாக்டர் ஒத்துக்கொண்டார், ஆனால் நான் வாயைத் திறக்கக் கூடாது என்றார். காரணம் இருந்தது. முதல் நாள் என்னைப் பார்த்ததும் அவள் அழுது, பேச வேண்டும் என்று மாஸ்க்கைப் பிடுங்கி, மூச்சு நின்றுபோகிற நிலைக்கு வந்துவிட்டாள். ஆகவே வெளிச்சம் படாமலிருக்க அவள் கண்ணுக்குக் கறுப்புத் துணி, என் கண்ணுக்குப் பச்சைக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை. தம்பி வந்து மெஷினைப் போடுவான், "ஆரம்பிக்கலாமாம்மா" என்பான், கீழே இறங்கிப் போய்விடுவான். மிச்சமெல்லாம் நான். ஏழு நாள் அப்படி.

அவள் பிழைத்தாள். கிளம்புகிற நாளில் பெரிய டாக்டர், மருந்து வேலை செய்தது, உங்கள் உடம்பும் ஒத்துழைத்தது, அந்த வெளிச்சத்தால் ஏதாவது ஆனதா என்று யாராலும் சொல்ல முடியாது என்று தெளிவாகச் சொன்னார். அவள் காதில் வாங்கினால்தானே. தன்னை எழுப்பி உட்கார வைத்தது அந்தத் தம்பி கை என்று முடிவு கட்டிவிட்டாள். ரேஷன் கடை வரிசையில் சொன்னாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னாள், கொள்ளேகால் போனால் அங்கேயும் சொன்னாள். "கொஞ்சமாச்சு ஆடோணுமே அந்தக் கை, ஆடவே ஆடாதுங்க." முப்பது வருஷம் வெல்டிங் வைத்த என் கையைப் பற்றி ஒரு நாள் ஒரு வார்த்தை சொன்னவள் இல்லை. தீபாவளிக்கு அவனுக்குச் சட்டைத் துணி எடுத்தாள், எனக்கு எடுத்ததைவிட உசத்தியாக. அந்தத் துணியை நான் தடவிப் பார்த்தேன், மறைக்கவில்லை.

மகள் கல்யாணத்துக்கு அவன் வந்தான். முதல் பந்தியில் உட்கார வைத்து, சம்பந்தி வீட்டாரிடம் அவன் கையைத் தூக்கிக் காட்டினாள். தண்ணீர்ச் சொம்போடு நான் பின்னால் நின்றேன். பையன் நேர்மையானவன், அதை மறுக்க மாட்டேன். கூச்சத்தோடு சொன்னான்.

"அம்மா, நான் ரெண்டு நாள்தான் பிடிச்சேன். மத்த நாளெல்லாம் அண்ணாதான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவரு சொல்லச் சொன்னாருங்களா தம்பி? கண்ணம்பாடி அணையக்கூட நாந்தான் கட்டுனேம்பாரு, கேட்டுப் பாருங்க."

பந்தியே சிரித்தது. சம்பந்திக்குப் புரையேறிவிட்டது, நான்தான் தண்ணீர் ஊற்றினேன்.

அப்போதே என்னால் நிரூபித்திருக்க முடியும். பிடித்தவனுக்கு மட்டும் தெரிந்த ஒன்று என்னிடம் இருந்தது. அதைச் சொல்ல வாய் வராமல்தான் இத்தனை வருஷம் அவன் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

ஆறாம் நாள். மூச்சு கொஞ்சம் இளகியிருந்தது. சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள், நான் முதுகில் மூன்றாவது வட்டத்தில் குழலை ஊன்றியிருந்தேன். மாஸ்க்குக்குள்ளிருந்து, விட்டு விட்டுப் பேசினாள்.

"தம்பி, எங்கூட்டுக்காரரு வெளியில நிக்கறாருங்களா? சாப்பிட்டாரான்னு கேளுங்க, கேக்காட்டித் திங்க மாட்டாரு."

நான் பேசக் கூடாது. மனசுக்குள் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் நானே கட்டுனேன்னு சொல்லிக்குவாரு. சொல்லிக்கட்டும். எங்க சந்துக்குள்ள லாரி வராதுங்க தம்பி. தெருமுனையில கொட்டுன மணலு, ஜல்லி, அத்தனையும் நாந்தான் சொமந்தேன். வயித்துல ஏழு மாசம். ஒரு நாளும் எம்பேரச் சொன்னதில்ல. நாம்போனாலாச்சும் சொல்லுவாருங்களா?"

அந்த ஏழு நாளில் என் கை ஆடியது அந்த ஒரு வட்டத்தில்தான். குழல் வட்டத்தை விட்டு விரலளவு தள்ளிப் போய்விட்டது. மறுபடி ஊன்றி, முதலிலிருந்து எண்ணினேன்.

என் மகள் இதை அவளுக்குப் படித்துக் காட்டுவாள். அந்தப் பேச்சு அவளுக்கு நினைவிருக்கும் என்று நினைக்கிறேன். தம்பியிடம் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவனைக் கூப்பிட்டுக் கேட்டுப் பார்க்கட்டும், முழிப்பான்.

ஆகவே, மேலே எழுதிய பட்டியலில் ஒரு திருத்தம். வீட்டுக்கும் பட்டறைக்கும் மணலும் ஜல்லியும் சுமந்தது என் மனைவி. யார் உதவியும் இல்லாமல் என்று எழுதிய வரி பொய், படிக்கிறவர்கள் அதை அடித்துவிடுங்கள். பள்ளிக்கூட கேட்டுகளும் தொழிற்சாலைக் கூரையும் என்னுடையவை, அதில் கை வைக்க வேண்டாம்.

அவள் பங்கை அச்சிலேயே கொடுத்துவிட்டேன். இனி என் பங்கு. அந்தச் சிவப்பு வெளிச்சம் அவளைப் பிழைக்க வைத்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, அதை நான் கேட்கவும் இல்லை. கையைத்தான் கேட்கிறேன். முதல் இரண்டு நாள் தம்பியுடையது, அவனுக்கே இருக்கட்டும். மற்ற ஏழு நாளும் ஆடாமல் பிடித்தது என் வீட்டுக்காரர் கை என்று அவள் தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்ன இடத்திலெல்லாம் திருத்திச் சொல்ல வேண்டும். முதலில் அந்தத் தம்பி முன்னால்.