பதினைந்தாவது தாள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி இல்லை, சுடுகாடு இல்லை. 2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. பிற்பகல் மூன்று மணி. ஆள் நடமாட்டமுள்ள ஒரு பொது நூலகம்.

என் பெயர் அமுதவள்ளி. வயது நாற்பத்தொன்று. ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கண்ணும் போய்விட்டன. மலேசியாவில், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், எங்களைப் போன்றவர்கள் நடத்தும் உடம்பு பிடித்துவிடும் கடையில் வேலை செய்கிறேன். வீடு கிள்ளான் பக்கம் மேருவில். கிள்ளானிலிருந்து ரயில் ஏறி தினமும் வந்து போவேன். பார்வை இல்லாததால் மற்றவர்கள் கவனிக்காததை நான் கவனிப்பேன். கதவு எப்படித் திறக்கிறது, யார் எத்தனை அடியில் நிற்கிறார்கள், யார் மூச்சு வாங்குகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். என் கையில் நேரம் சொல்லும் கடிகாரம் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் பேசும். ஆகவே நான் சொல்லும் நேரத்தில் தவறு இருக்காது.

என் கணவர் சுகுமாறன் லோரி ஓட்டுநர். காய்கறி ஏற்றிக்கொண்டு செலாயாங் பாசாருக்கு, அங்குள்ள மொத்தச் சந்தைக்கு, போய் வருவார். அந்த வருஷம் மார்ச் 3, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறு இருபதுக்கு மேருவில் கம்பெனி வளாகத்தில் லோரியை நிறுத்தினார். சாவியைக் கொடுத்தார். வீட்டுக்கு நடந்தார். இருபது நிமிட நடை.

வந்து சேரவில்லை.

போலீசில் புகார் கொடுத்தேன். எழுதிக்கொண்டார்கள். ஒரு மாதம் கழிந்ததும் அக்கம்பக்கத்தில் வேறு பேச்சு ஆரம்பித்தது. செலாயாங்கில் ஒருத்தி இருக்கிறாளாம். கண் தெரியாதவளோடு எத்தனை நாள்தான் குடும்பம் நடத்துவான் என்று என் காதுபடவே சொன்னார்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை அவர்கள் மறந்துவிடுவார்கள்.

நான் அழுதேன். பிறகு நானும் அதை நம்ப ஆரம்பித்தேன்.

ஐந்து மாதம் போனது. அவரோடு வேலை செய்த நாகையா அண்ணே ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். அந்த லோரியின் சீட்டுக்கு அடியில் ஒரு நோட்டு கிடந்ததாம்.

"சுகு எழுதுனதுதான். நடைக்கணக்கு மாதிரி இருக்கு. நான் முழுசா படிக்கலம்மா, உங்க வீட்டு விஷயம்லா" என்று கையில் கொடுத்தார்.

அன்று இரவு முழுக்க அந்த நோட்டைத் தடவிக்கொண்டிருந்தேன். அவர் பேனாவை அழுத்தி எழுதுவார். தாளின் பின்பக்கம் எழுத்து புடைத்திருக்கும். என் விரலுக்கு அது தெரியும், படிக்கத்தான் தெரியாது. எண்ணிப் பார்த்தேன். பதினான்கு தாளில் எழுத்து இருந்தது. பதினைந்தாவது தாளிலிருந்து கடைசி வரை மழமழவென்று வெறுமையாக இருந்தது. ஒரு முறை இல்லை, பத்து முறை தடவிப் பார்த்தேன்.

கைபேசி அச்சடித்ததை வாசித்துக்காட்டும். அவருடைய கையெழுத்து அதற்குப் பிடிபடவில்லை. தெரிந்தவர்களிடம் கொடுக்க மனம் வரவில்லை. உள்ளே ஒரு பெண்ணின் பெயர் இருந்தால்?

பிரிக்பீல்ட்ஸில் நான் போகும் நூலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள்மேல் எந்தக் குறையும் இல்லை. அங்கே தமிழ் பிரெய்லி புத்தகங்களுக்குத் தனி அலமாரி உண்டு. ஒலிப்புத்தகங்கள் உண்டு, வீட்டுக்கும் அனுப்புவார்கள். அவற்றோடு இன்னொரு சேவையும் இருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவைத்தால் தொண்டர் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் நமக்கு வாசித்துக்காட்டுவார். கடிதம், பேங்க் தாள், மருந்துச் சீட்டு என்று எதுவானாலும் வாசிப்பார்கள். கேட்டதை வெளியே சொல்லமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள்.

நூலக அதிகாரி மலர்விழியிடம் சனிக்கிழமை மூன்று மணிக்கென்று சொல்லிவைத்தேன்.

"ரேஷ்மான்னு புதுசா ஒரு பொண்ணு வருதுக்கா. சுபாங் ஜெயாவிலேர்ந்து. நல்லா வாசிக்கும்" என்றாள்.

வாசிப்பு அறை சின்னது. மேசை ஒன்று, நாற்காலி இரண்டு. கதவு திறந்தால் கீல் கிறீச்சிடும். நாற்காலியை நகர்த்தினால் தரையில் உரசும். மலர்விழி என்னை உட்கார வைத்துவிட்டுப் போனாள். கதவு மூடியது. கடிகாரத்தை அழுத்தினேன்.

இரண்டு ஐம்பத்தெட்டு.

நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அறைக்குள் ஒரு நாற்றம். ரொம்ப நாள் தேங்கிக் கிடந்த தண்ணீரின் நாற்றம்.

"வாசிக்கட்டுமா தாயி?"

எதிர் நாற்காலியிலிருந்து வந்தது. ஆண் குரல். ஐம்பது வயதிருக்கும். கொஞ்சம் கரகரப்பு. மலேசியப் பேச்சு இல்லை, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பேசும் பேச்சு.

கதவு கிறீச்சிடவில்லை. நாற்காலி உரசவில்லை. நான்தான் யோசனையில் கவனிக்காமல் விட்டேனோ என்று நினைத்துக்கொண்டேன்.

"ரேஷ்மா வரலையா?"

"நான் வாசிக்கிறேன் தாயி."

சரி, ஆளை மாற்றிவிட்டார்கள் போல. தலையாட்டினேன்.

அவர் நன்றாக வாசித்தார். அவசரமே இல்லை. ஜனவரியிலிருந்து ஆரம்பித்தது. எத்தனை நடை, எத்தனை மூட்டை, எங்கே டயர் பஞ்சர். நடுநடுவே என்னைப் பற்றி ஒரு வரி. அமுதாவுக்கு முட்டி வலி, தைலம் வாங்கணும். அமுதா இன்னைக்குச் சிரிச்சா. ஒரு பெண்ணின் பெயர் வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. என் பெயர் மட்டும்தான் இருந்தது.

தாள் திரும்புவதை விரலில் எண்ணிக்கொண்டே வந்தேன். அது என் பழக்கம்.

தாள் திரும்பும் சத்தம் சரியாக இல்லை. ஈரத் தாளைப் பிரித்தெடுப்பதுபோல் ஒட்டி ஒட்டி வந்தது. நோட்டு காய்ந்துதானே இருந்தது?

இன்னொன்றும் இருந்தது. அவர் வாசிக்கும்போது மூச்சு விடும் சத்தமே இல்லை.

பதினான்காவது தாள். "மார்ச் 3. காலையில செலாயாங் ஒரு நடை. சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்."

அவ்வளவுதான். எழுத்து முடிந்துவிட்டது. நன்றி சொல்ல வாயைத் திறந்தேன்.

தாள் திரும்பியது.

"மார்ச் 3. ராத்திரி."

என் விரல் பதினைந்தில் நின்றது.

"பழைய கையுறை பேக்டரி வழியா குறுக்கே வந்தேன். பின்னாடி வேலிகிட்ட தரையில பலகை கெடந்துச்சு. மிதிச்சேன். தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்துட்டேன். வலது கால் ஒடஞ்சிருச்சு. போனு தண்ணிக்குள்ள போயிருச்சு..."

நோட்டு லோரியில் கிடந்தது. அவர் தொட்டிக்குள். இதை எப்படி எழுத முடியும்?

கடிகாரத்தை அழுத்தினேன். மூன்று முப்பத்திரண்டு.

பதினாறு. "மார்ச் 4. விடிஞ்சதிலேர்ந்து கத்துறேன். யாரும் இல்ல."

பதினேழு. "மார்ச் 5. சட்டையக் கிழிச்சுக் காலைக் கட்டினேன்."

பதினெட்டு. "மார்ச் 6. மழை பேஞ்சுச்சு. அதைக் குடிச்சேன்."

மெதுவாகக் கையை நீட்டினேன். விரித்த தாளைத் தொட்டேன். மழமழவென்று இருந்தது. ஒரு எழுத்துகூட இல்லை. காய்ந்த தாள்தான்... ஆனால் பக்கத்தில் மேசை ஈரமாக இருந்தது. சில்லென்று.

கையை இழுத்துக்கொண்டேன்.

குரல் நிற்கவில்லை.

பத்தொன்பது. "மார்ச் 7. காய்ச்சல்."

இருபது.

"மார்ச் 8. அமுதா வந்தா."

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"குச்சி சத்தம் கேட்டுச்சு. டக்... டக்... வேலிக்கு அந்தப் பக்கம் ரோட்டுல. என் நம்பருக்கு அடிச்சிக்கிட்டே நிக்கிறா போல. அமுதான்னு கத்துனேன். லோரி ஒண்ணு போச்சு. கேக்கல. அவ ஒரு வார்த்தை சொன்னா. எங்கயாவது செத்துத் தொலைன்னு சொன்னா. அப்புறம் குச்சி சத்தம் தூரமாப் போயிருச்சு."

மார்ச் 8, புதன்கிழமை, காலை ஒன்பது மணி. அந்த ரோட்டில் நான் தனியாக நின்றேன். ஐந்து நாளாகப் போன் கிடைக்காத ஆத்திரத்தில் அந்த வார்த்தையைச் சொன்னேன். யாரும் பக்கத்தில் இல்லை. யாரிடமும் அதை நான் சொன்னதில்லை.

"நிறுத்துங்க" என்றேன்.

தாள் திரும்பியது.

இருபத்தொன்று. இருபத்திரண்டு. வரி குறைந்துகொண்டே வந்தது. "வலி இல்ல." "கண்ணு தெரியல." "இப்பத்தான் புரியுது, அவளுக்கு எப்படி இருக்கும்னு."

இருபத்து மூன்று.

இருபத்து நான்கு.

"மார்ச் 12. அமுதா மேல கோவமில்ல."

சொட்... சொட்... சொட்...

எங்கிருந்தோ தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"அப்புறம் அவரு எழுதல தாயி."

"நீங்க யாரு?"

எதிர்ப்பக்கம் சாய்ந்து மறுபடி கேட்டேன்.

"யாருங்க நீங்க?"

சொட்...

நின்றது.

நாற்றமும் போய்விட்டது.

கதவு கிறீச்சிட்டது. ஓடி வந்த மூச்சு. "சாரிக்கா, சாரி. ட்ரெயின் டிலே. நான்தான் ரேஷ்மா. ரொம்ப நேரமா தனியா உக்காந்திருக்கீங்களா?"

மூன்று ஐம்பத்தொன்று.

நான் மலர்விழியைக் கூப்பிட்டேன். அவள் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். வேறு யாரையும் அவள் அனுப்பவில்லையாம். அறைக்கு ஒரே கதவு. அதற்கு நேர் எதிரே அவளுடைய மேசை. யாரும் உள்ளே போகவில்லை, யாரும் வெளியே வரவில்லை. ரேஷ்மா நோட்டைப் புரட்டினாள்.

"மார்ச் 3 காலையோட முடியுதுக்கா. மத்ததெல்லாம் வெறும் தாளு" என்றாள். பிறகு, "மேசையில யாரு தண்ணி ஊத்துனது?" என்றாள்.

வீட்டுக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. நாகையா அண்ணேவுக்குப் போன் போட்டேன். பழைய கையுறை பேக்டரி, பின்வேலி, பலகை, தொட்டி. அதை மட்டும் சொன்னேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் காலை ஏழரைக்குப் போனார். எட்டு ஐந்துக்குப் போன் வந்தது. அவர் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் வீட்டிலிருந்து அந்த இடம் அறுநூறு அடி. ஐந்து மாதமும் நான் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போய்வந்தேன்.

ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், வலது கால் எலும்பு முறிந்திருக்கிறது. சட்டையைக் கிழித்துக் கட்டுப்போட்டிருக்கிறார். விழுந்ததும் சாகவில்லை. எத்தனை நாள் இருந்தார் என்று அவர்களால் சொல்ல முடியாது. எனக்குத் தெரியும். மார்ச் 8 அன்று நான் குச்சியைத் தட்டாமல், லோரி போகும்வரை ஒரு நிமிடம் சும்மா நின்றிருந்தால்... அதற்குமேல் யோசிக்க முடியவில்லை. தினமும் அதைத்தான் யோசிக்கிறேன்.

அக்கம்பக்கத்தார் வந்து அழுதார்கள்.

நான்காம் நாள் போலீஸ் சார்ஜன் பழனியப்பன் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். வாக்குமூலம் முழுக்கக் கேட்டார். ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. பிறகு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லல. தொட்டிய முழுசா எறைச்சுப் பாத்தோம். உங்க வீட்டுக்காரரு தனியா இல்ல."

தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"அடியில சேத்துல இன்னொரு ஆளு. ஆம்பள. எலும்புதான் மிச்சம். எட்டு, பத்து வருஷம் ஆயிருக்கும்னு டாக்டர் சொல்றாரு. அந்த பேக்டரி ஓடுன காலத்துல வெளிநாட்டுலேர்ந்து நெறைய பேரு வேலைக்கு வந்தாங்க. யாரும் காணோம்னு புகார் குடுக்கல. தேடி வந்த ஆளும் இல்ல. உங்க வீட்டுக்காரரு அவரு மேலதான் சாஞ்சு கெடந்தாரு."

அவர் வாக்குமூலத் தாளைத் திருப்பினார்.

"அது யாருன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"பேரு தெரியாது" என்றேன்.

"வேற ஏதாவது தெரியுமா?"

"தமிழ்நாட்டுக்காரரு. ஐம்பது வயசு இருக்கும்" என்றேன். "நல்லா வாசிப்பாரு."