கற்பூரம் அடித்த கை

ஏழுமலையைக் கொன்றது நான் கட்டிய கம்பி. அதைக் கட்டவில்லை என்று ஐயனார் முன்னால் சத்தியம் செய்தவனும் நான்தான். இதை மறைத்துவிட்டு, சாமி எனக்குச் செய்ததை எழுத முடியாது.

அப்போது உள்ளூர்ப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளி போட்டிருந்தேன். காட்டுப்பன்றிகள் கிழங்கைத் தோண்டின. மின்கம்பியில் கொக்கி மாட்டி, மரவள்ளிக் கொல்லையைச் சுற்றிக் கம்பி இழுத்தேன். விடிவதற்குள் கொக்கியை எடுத்துவிடுவேன். மாசி மாதத்தில் ஒருநாள் அசந்து தூங்கிவிட்டேன். பக்கத்திலிருந்த தன் வயலுக்குத் தண்ணீர் கட்ட வந்த ஏழுமலை வரப்பில் செத்துக் கிடந்தார். கொக்கியை எடுத்தேன். கம்பியை அவர் வயலுக்குள் தள்ளிப் போட்டேன்.

ஊர்க்கூட்டத்தில் என் மேலும் சந்தேகம் வந்தது. வழக்கப்படி ஐயனாரின் மண் யானைக்கு முன் கற்பூரம் ஏற்றினார்கள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். சூடுகூடத் தெரியவில்லை.

"வாத்தியாரு பொய் சொல்லுவாரா?" என்றார்கள்.

ஏழுமலை தானே பன்றிக்கு வைத்த கம்பியில் மாட்டிக்கொண்டான் என்று முடிந்தது. அவர் மனைவி அஞ்சலை கோயிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். நான் பதினோரு ஆண்டுகள் தவறாமல் கும்பிட்டேன். தீபாராதனையைத் தொட்டால் ஒன்றும் தெரியாது.

சென்ற ஆண்டு மகள் எங்களைத் தாய்லாந்துக்கு அழைத்துப்போனாள். அங்கே ஒரு யானை முகாம். யானைகளைப் பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. என் மனைவி வாழைப்பழச் சீப்போடு முன்னால் போனாள். அவளுக்கும் யானைக்கும் நடுவில் ஒற்றைக் கம்பி. கம்பங்களில் வெள்ளைப் பீங்கான் குமிழ்கள். மின்வேலி என்று எனக்குப் புரிந்துவிட்டது. நாக்கு அசையவில்லை. காலும் அசையவில்லை.

'ஐயனாரப்பா, இவளை விட்டுவிடு. ஊரில் சொல்லிவிடுகிறேன்.'

அவள் கை கம்பியில் அழுந்தியது. ஒன்றும் ஆகவில்லை.

"இன்னாங்க, மரமாட்டம் நின்னுகினு இருக்கீங்க? போட்டோ எடுங்க! யானையே தேவல, கூப்ட்டா திரும்புது."

அந்தக் கம்பியில் மின்சாரம் விட்டுப் பல வருடங்கள் ஆகிறது என்று பாகன் சொன்னதாக மகள் சொன்னாள். முன்பு பட்ட அடியே போதுமாம். யானை ஒரு முழம் தள்ளியே நின்று துதிக்கையை மட்டும் நீட்டியது.

மின்சாரமே இல்லையே, இதில் சாமி எங்கே என்று கேட்பீர்கள். இல்லை என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். எனக்குத் தெரியாதபடி வைத்தது ஐயனார்.

திரும்பியதும் ஐயனார் கோயிலில் ஊரைக் கூட்டினேன். அஞ்சலையையும் வரச் சொல்லிக் கேட்டேன். கற்பூரம் ஏற்றாமலேயே எல்லாம் சொன்னேன்.

"பன்னிக்காரன் மவன், பன்னிக்காரன் மவன்னு எம்புள்ளைய கூப்ட்டாங்க, வாத்தியாரே. ஒங்க ஸ்கூல்லயே" என்றார் அஞ்சலை. "எங்கிட்ட மன்னிப்பு கேக்காதீங்க. டேசன்ல போயி சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். வழக்கு நடக்கிறது. மனைவி என்னோடு பேசுவதில்லை. யாரும் என்னை வாத்தியார் என்று கூப்பிடுவதுமில்லை. பக்தர்களே, சொல்லாமல் வைத்திருப்பது எதுவாக இருந்தாலும் அவரிடம் கொண்டுபோங்கள். லேசாகும் என்று சொல்லமாட்டேன். அவர் கைவிடமாட்டார்.

இந்த ஆடியில் ஐயனாருக்குப் பொங்கல் வைத்தபோது முதல் பானையை அஞ்சலையை வைக்கச் சொன்னார்கள். வைத்தார். கற்பூரத் தட்டு அவரிடம் போய்விட்டு, கடைசியாக வாசலில் நின்ற என்னிடம் வந்தது. கையை நீட்டினேன்.

சுட்டது.