அமாவாசைக்கு வந்த பல்கலைக்கழகம்

ஒரு பல்கலைக்கழகத்தில் அட்டெண்டர் வேலை பார்க்கிறவளுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது, அந்தப் பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது என்பது. எனக்கு அது கடைசிவரை சரியாக விளங்கவில்லை.

மணி அடித்து, பெஞ்சு துடைத்து, "சார் இன்னும் வரலைங்க" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நான் சொல்லப் போகிற கஷ்டம் உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

எழுபதுகளின் கடைசியில், எங்கோ தூரத்திலிருந்த பல்கலைக்கழகம் எங்கள் ஆரணியில் ஒரு படிப்பு மையம் திறந்தது. காலேஜுக்குப் போக முடியாதவர்கள் தபாலில் பாடம் வாங்கி வீட்டிலேயே படிக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூரிலிருந்து ஆசிரியர்கள் வந்து மையத்தில் வகுப்பு எடுப்பார்கள். எட்டாவது படித்திருந்த எனக்கு அங்கே வேலை கிடைத்தது. என் வீட்டுக்காரர் கூலிக்குப் பட்டு நெய்கிறவர். நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் கழித்து, எங்கள் மகள் மல்லிகா ப்ளஸ் டூ முடித்தாள். அம்மா மணி அடிக்கிற இடத்திலேயே பி.ஏ. படிக்க ஆசைப்பட்டாள். அவர் கொஞ்ச நாள் யோசித்துவிட்டு, "ஆரணிக்குள்ளன்னா படிக்கட்டும். பஸ் ஏறிப் போற படிப்பு நம்ம வீட்டுக்கு ஆவாது" என்றார். அந்த ஒரு சொல்லில்தான் அவள் படிப்பு நின்றுகொண்டிருந்தது. அதனால் மையத்துக்கு ஒரு தும்மல் வந்தாலும் நான் அம்மனுக்கு ஒரு விளக்கு ஏற்றிவிடுவேன்.

கலசப்பாக்கத்துக்காரர் கேட்ட கேள்வி

மையம் திறந்த புதிதில் கலசப்பாக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மீசை முளைத்த மகனை அழைத்துக்கொண்டு வந்தார். கையில் தகரப் பெட்டி, சுருட்டிய பாய், ஒரு பித்தளைச் சொம்பு. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊரெல்லாம் பல்கலைக்கழகத்தைத் தேடிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து எங்கள் வாசலில் நின்றார். எங்கள் மையம் அப்போது ஒரு பட்டு முதலாளியின் பழைய தறிக்கொட்டகையில் இருந்தது. நீளமான ஓட்டுக் கட்டடம். அவர் ஓட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வாத்தியாருங்க எங்கம்மா?" என்றார். "ஞாயித்துக்கிழமை பஸ்ல வருவாங்க." "புஸ்தகம்?" "தபால்ல வரும்ங்க." "பரீச்சை?" "எங்க நடக்கும்னு இன்னும் சொல்லலைங்க." "பையன் தங்கறதுக்கு?" "உங்க வீட்டுலதாங்க." அவருக்குத் தலை சுற்றிவிட்டது. எனக்கும் சொல்லச் சொல்லச் சுற்றியது. "அப்படின்னா இங்க இன்னாதாம்மா இருக்குது?" என்று கேட்டார். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், "நான் இருக்கேங்க" என்றேன். பெரியவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"சரிம்மா, அப்ப உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன், பையன் ராத்திரியில மோர் ஊத்தினா சாப்புட மாட்டான்."

பலகைக்கு அடியில்

தறிக்கொட்டகை என்றேன் அல்லவா? தறிகளைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். ஆனால் நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற குழிகளை யார் எடுத்துப் போவது? வரிசையாக அப்படியே இருந்தன. மேலே பலகை போட்டு, அதன்மேல் கோரைப்பாய் விரித்துவிட்டோம். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் குழி எங்கே இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் ஒதுங்கிப் போவார்கள். பொருளாதாரம் நடத்த வந்த சாருக்குத்தான் நாங்கள் சொல்ல மறந்துவிட்டோம்.

அவர் நடந்துகொண்டே பாடம் சொல்கிறவர். பணவீக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே பலகையின் நுனியில் கால் வைத்தார். பலகை எழும்பியது, சார் இடுப்புவரை இறங்கிவிட்டார். "ஐயோ தாயே" என்று நான் ஓடினேன். ஆனால் வகுப்பிலிருந்த நெசவுக்காரப் பிள்ளைகள் ஒருவரும் பதறவில்லை. குழியில் கால் போட்டு உட்காருகிறவரைப் பார்த்து அவர்கள் எதற்குப் பதற வேண்டும்? "அப்படியே விளிம்புல உக்காருங்க சார், சரியா இருக்கும்" என்றான் ஒருவன். அவரும் உட்கார்ந்தார். சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, மீதிப் பாடத்தை அங்கேயிருந்தே முடித்தார். அடுத்த முறை வந்தபோது, தானே பலகையை நகர்த்தி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"நாற்காலி வேணாம்மா, முப்பது வருஷமா விடாத முதுகுவலி போன வாரம் இந்தக் குழியிலதான் விட்டுச்சு."

இரண்டு போர்டு

மல்லிகா முதல் வருஷம் படிக்கும்போது பல்கலைக்கழகம் வளர்ந்துவிட்டது என்றார்கள். கொட்டகை அதே கொட்டகை, நான் அதே நான். எது வளர்ந்தது என்று கேட்டேன். பெயர் வளர்ந்திருக்கிறதாம். 'படிப்பு மையம்' இனிமேல் 'விரிவாக்க மையம்'. புது போர்டு வந்தது. பழையதைக் கழற்றலாமா என்று கேட்டால், பழைய பிள்ளைகள் படிப்பு முடிக்கும்வரை அதுவும் இருக்கட்டும் என்று பதில் வந்தது. ஒரே வாசலில் இரண்டு போர்டும் தொங்கின. வெள்ளிக்கிழமையில் போர்டுக்குக் குங்குமம் வைப்பது என் வழக்கம். எதற்கு வைப்பது என்று தெரியாமல் இரண்டுக்கும் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, ஒரு பாடத்தில் பெயிலான பெண் ஒருத்தி அழுதுகொண்டே வந்தாள். "நான் எந்த மையத்துல பெயிலு? திரும்ப எந்த மையத்துல எழுதணும்?" என்று என்னைக் கேட்டாள். நான் இரண்டு போர்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எங்கள் கிளார்க் முனுசாமிதான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்:

"பழைய போர்டுல பெயிலாயிட்ட, புது போர்டுல பாஸாயிடு, நடுவுல நின்னுகினு அக்காவைப் பேஜார் பண்ணாத."

ஞாயிற்றுக்கிழமைத் தறிச் சத்தம்

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு யாரும் சரியாக வருவதில்லை. பொருளாதார சார் குழியில் உட்கார்ந்து வாசலையே பார்ப்பார். மல்லிகாவும் இன்னும் இரண்டொருவரும் இருப்பார்கள். சுற்றிலும் தெருவெல்லாம் தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். "இந்த ஊருல படிப்புல யாருக்கும் இஷ்டம் இல்லையாம்மா?" என்று ஒரு நாள் வருத்தமாகக் கேட்டார்.

எனக்கு அவர் கேட்டது புரியவில்லை, நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை. "வேலை நாள்ல எப்படிங்க வருவாங்க?" என்றேன். "ஞாயித்துக்கிழமை வேலை நாளா?" என்றார். தறி வீடுகளில் லீவு என்றால் அமாவாசைதான். அன்றைக்குத் தறியில் உட்கார மாட்டோம். மற்ற நாளெல்லாம் ஞாயிறானாலும் திங்களானாலும் ஒன்றுதான். ஒரு சேலைக்கு உடம்பும் கரையும் சேர்த்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். பிள்ளை வகுப்புக்கு வந்துவிட்டால், எங்கள் வீட்டில் நடக்கிறதுபோல, அப்பாவும் தறியை நிறுத்த வேண்டியதுதான். இதையெல்லாம் பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்துதான் ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறார்கள், ஏதோ காரணம் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்:

"இத்தனை நாளா நான் காலி பெஞ்சுக்குப் பாடம் நடத்தினதை நீங்க எல்லாரும் ஒரு வேண்டுதல்னு நினைச்சுட்டீங்களா?"

வேலூருக்குப் போகிறதாம்

வகுப்பை அமாவாசைக்கு மாற்றலாம் என்று சார் மேலே சொல்லிப் பார்த்தார். அமாவாசை அரசாங்க லீவா என்று கேட்டார்களாம், இல்லை. பண்டிகையா என்று கேட்டார்களாம், இல்லை. அப்படியானால் எதற்கு வகுப்பை மாற்றுவது? அதற்குப் பதிலாக, பிள்ளைகளே வராத ஆரணி மையத்தை மூடி, வேலூர் மையத்தோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு வந்தது. ஒரு கமிட்டி நேரில் வந்து பார்த்து முடிவு சொல்லும் என்றார்கள்.

வீட்டில் இதைச் சொன்னேன். அவர் தறியிலிருந்து எழுந்திருக்காமலே, "வேலூருன்னா நிறுத்திக்க வேண்டியதுதான்" என்றார். மல்லிகா அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து கரை கோத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. நான் விளக்கேற்றி அம்மன் படத்துக்கு முன்னால் நின்றேன். வேலூரை ஆரணிக்குக் கொண்டுவா என்று கேட்பதா, இவர் மனசை மாற்று என்று கேட்பதா? குழம்பிப் போய், "அந்தக் கமிட்டி வர்ற அன்னிக்கு ஹால் நெறஞ்சு இருக்கணும் தாயே" என்று மட்டும் கேட்டேன். பின்னால் மல்லிகாவின் குரல் கேட்டது:

"சாமிகிட்டக் கேட்டா மட்டும் போதுமாம்மா, தெருவுலயும் போயி ரெண்டு பேருகிட்டக் கேளு."

தாம்பாளத்தோடு வந்தவர்கள்

சார் எப்படியோ பேசி, கமிட்டியை ஒரு அமாவாசை அன்று வர வைத்துவிட்டார். மல்லிகா சொன்னபடி நானும் தெருத் தெருவாகப் போனேன். "அமாவாசைக்கு யுனிவர்சிட்டி வருது, எல்லாரும் வந்து நில்லுங்க" என்றேன். பிள்ளைகளை அனுப்புங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு இருந்த பதற்றத்தில் 'எல்லாரும்' என்று வந்துவிட்டது.

எல்லாரும் வந்துவிட்டார்கள். பட்டுக்குச் சாயம் போடுகிறவர், தறிக்குப் பாவு நூல் ஓட்டுகிறவர், கைக்குழந்தைக்காரி, வாய் நிறைய வெற்றிலையோடு நாலைந்து பெரியவர்கள். பெரிய இடத்து ஆட்கள் முதல் முறையாக ஊருக்கு வருகிறார்கள், வெறுங்கையோடு எப்படி நிற்பது என்று தேங்காய், பழம், பூவோடு தாம்பாளம் வேறு. பெஞ்செல்லாம் நிறைந்து, பலகையை நகர்த்திவிட்டுக் குழிகளிலும் வசதியாகக் காலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். படிக்கிற பிள்ளைகள் வந்தபோது உள்ளே இடமில்லை. வாசலில் இருந்த மாமரத்தடியில் நின்றார்கள்.

கமிட்டி அம்மா ஒருத்தர் உள்ளே நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டார். முன்வரிசையில் இருந்த சாயக்காரர் ஏகாம்பரத்திடம், அவர் கையெல்லாம் அரக்கு நிறமாக இருந்ததைப் பார்த்துக்கொண்டே, "நீங்க என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டார். ஏகாம்பரம் எழுந்து கும்பிட்டார்:

"நான் படிக்கலம்மா, ஆனா நீங்க இத மூடிட்டா இந்தப் பொண்ணுங்கள வேற ஊருக்கு அனுப்ப எங்களுக்கு தகிரியம் இல்ல, அதச் சொல்லத்தான் வந்தோம்."

கூட்டம்

சில மாதம் கழித்து முடிவு வந்தது. முனுசாமி படித்துச் சொன்னான். மையத்தை மூடவில்லை. வகுப்பையும் அமாவாசைக்கு மாற்றிவிட்டார்கள். நான் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன். "இரு அக்கா, இன்னும் முடியல" என்றான். ஆரணியில் படிப்பு ஆர்வம் மிகுதியாக இருக்கிறதாம், மாணவர்கள் வெளியே நிற்கும் அளவுக்குக் கூட்டமாம், தற்போதைய கட்டடம் போதாதாம். அதனால் களம்பூரில் ஒரு ரைஸ் மில்லின் பெரிய குடோனைப் பிடித்திருக்கிறார்கள். மையம் அங்கே போகிறது.

களம்பூர் பக்கத்து ஊர்தான். ஆனால் பஸ் ஏற வேண்டும். அம்மனிடம் வேண்டிக்கொண்டபோது ஹால் நிறைய வேண்டும் என்று கேட்டேனே தவிர, எந்த அளவுக்கு என்று சொல்லவில்லை. சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். முனுசாமிக்கு என் வீட்டு நிலைமை தெரியும். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்:

"அக்கா, நீ கூப்ட்ட கூட்டம் கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு."

களம்பூர் ரோட்டில்

வீட்டில் சொன்னபோது அவர் தறியை இன்னும் வேகமாக மிதித்தார். கமிட்டி வந்த அன்று அவரும் கடைசி வரிசையில் நின்றவர்தான். மறுநாளும் தறிச் சத்தம்தான் பதில். நானும் கேட்கவில்லை, கேட்டால் 'வேண்டாம்' என்று வாயில் வந்துவிடுமோ என்று பயம். மல்லிகா பாடப் புத்தகங்களை ஒரு பழைய துணியில் கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டாள். அதைப் பார்த்தும் அவர் பார்க்காததுபோல் இருந்தார்.

அமாவாசை வந்தது. களம்பூரில் முதல் வகுப்பு. கதவு திறக்க வேண்டியவள் நான். விடிந்ததும் கிளம்பி பஸ்ஸுக்கு நின்றேன். மனசெல்லாம் பரண்மேல் இருந்தது. குடோனைத் திறந்தேன். உள்ளே தவிட்டு வாசனை. பெருக்கிவிட்டு, பெஞ்சு போட்டு, பழைய இரண்டு போர்டோடு இப்போது களம்பூர் பெயர் போட்டு மூன்றாவதாக ஒன்று வந்திருந்தது, அதற்கும் பொட்டு வைத்தேன். மில் குமாஸ்தாக்கள் சிலரும் படிப்பில் சேர வந்திருந்தார்கள். மணி அடிக்கிற நேரம். ரோட்டைப் பார்த்துக்கொண்டே கை நீட்டினேன், அடிக்கவில்லை. பொருளாதார சார் உள்ளேயிருந்து, "என்னம்மா, மணி?" என்றார். "இதோங்க" என்றேன்.

நெல் லாரி ஒன்று போன புழுதி அடங்கியதும், அதன் பின்னால் ஒரு சைக்கிள் தெரிந்தது. என் வீட்டுக்காரர் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு வந்தார். பின்னால் காரியரில் புத்தகக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு மல்லிகா. வந்து இறங்கியதும் என் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே மகளிடம் சிடுசிடுத்தார்:

"அடுத்த அமாவாசைக்குத் தாவணியை ஒழுங்கா இஸ்து சொருகிகினு உக்காரு, வழியெல்லாம் சக்கரத்துல மாட்டிக்குமோன்னு திரும்பித் திரும்பிப் பாத்தே கழுத்து சுளுக்கிக்கிச்சு."

அந்தப் பல்கலைக்கழகம் எப்படி வளர்ந்தது என்று இப்போது விழா மேடைகளில் பெரியவர்கள் நிறையப் பேசுகிறார்கள், ஆனால் நான் பார்த்தவரை ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் எதையோ தப்பாகப் புரிந்துகொண்டதால்தான் அது ஒரு படி வளர்ந்தது.